நெடுங்காலம் கழித்து வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறவர்களுக்கு



சென்ற ஞாயிறு முதல் பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் நான்கைந்து பேர் எனக்காகக் காத்து நின்றார்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். "சாமி, இந்த வருஷம் நாங்களும் மாதா கோயிலுக்கு நடக்கப் போறோம். கல்யாணத்துக்கு முந்தி மூணு தடவை போயிருக்கோம், வழியெல்லாம் தெரியும்" என்றார் ஒருவர். "எப்போதிலிருந்து தயார் செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "தயார் செய்ய என்ன சாமி இருக்கு? ரெண்டு வேட்டி, ஒரு துண்டு, செபமாலை!" என்று சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குள் வந்த பின் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் மூன்று வருஷத்துக்கு முன் நானும் இதே வார்த்தையைச் சொன்னவன். அதனால் வந்த சேதத்தை இந்தத் தாளில் இதுவரை எழுதாமல் விட்டது என் குற்றம். ஆகவே இந்த வாரப் பாடம் முழுவதும் கால்நடை யாத்திரையைப் பற்றியே.

குருமடத்தில் படித்த நாளில், இருபத்திரண்டு வயதில், நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கிறேன். அந்த வயதில் காலுக்குச் செருப்பு இருந்ததா இல்லையா என்றுகூட நினைவில்லை. பாட்டும் செபமுமாகப் போய்ச் சேர்ந்தது மட்டுமே நினைவு. பிறகு இருபது வருஷம் மோட்டார் சைக்கிளும் நாற்காலியும்தான் என் வாழ்க்கை. நாற்பத்து மூன்றாம் வயதில் நம் பங்கு மக்களோடு புறப்பட்டேன். முதல் நாள் மாலை வாங்கிய புது ஷூ. விருதுநகர் வரை வெகு உற்சாகம். மறுநாள் திருமங்கலம் சேரும்போது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். பங்குச்சாமியாரே நொண்டினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எண்ணி, ஒருவருக்கும் காட்டாமல் துணியைச் சுற்றிக்கொண்டு மதுரையைக் கடந்தேன், மேலூரைக் கடந்தேன். ஐந்தாம் நாள் திருப்பத்தூரில் காய்ச்சல் வந்துவிட்டது. சாமான் ஏற்றி வந்த 'குட்டி யானை' வண்டியில், அரிசி மூட்டைக்கும் அடுப்புக்கும் நடுவே என்னையும் ஏற்றினார்கள். உபதேசியார்தான் மீதி வழி முழுவதும் செபமாலை முந்தினார்.

அதோடு போயிருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதை. மறுநாள் காரைக்குடியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் ஓர் அம்மாவும் வண்டியில் ஏறினார்கள். அவர்களுக்குச் சர்க்கரை வியாதி. மகனுக்காக நேர்ந்துகொண்டு வெறுங்காலோடு நடந்தவர்கள். கால் விரலுக்கு அடியில் புண் பட்டு, சீழ் பிடித்து, வாடை வந்த பிறகே பக்கத்தில் இருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஊருக்குத் திரும்பிய பின் ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. தேவநற்கருணை கொண்டுபோனபோது, "ஏன் அம்மா முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "வலி தெரியல சாமி. தெரிஞ்சப்பவும் நேர்ச்சை தப்பிருமேன்னு பயம். சாமியே நொண்டிக்கிட்டு நிக்காம நடக்கிறப்ப, நான் எப்படி நிக்கிறது?" என்றார்கள்.

நான் மறைத்து வைத்த கொப்புளம் அந்த அம்மாவின் விரலில் போய் முடிந்தது. நடந்ததை எழுதலாமா என்று அவர்களிடமே கேட்டேன், எழுதச் சொன்னார்கள்.

நிற்க. முதலில் தூரத்தைப் பார்ப்போம். சிவகாசிப் பக்கத்திலிருந்து விருதுநகர், மதுரை, மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாக வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்குக் குறையாது. சாதாரண நடையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,300 அடி. அப்படியானால் போய்ச் சேருவதற்குள் நான்கு லட்சம் தடவை கால் தரையில் படுகிறது. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு லட்சம். ஷூவின் ஓரத்தில் ஒரு தையல் உறுத்தினால் அது ஒரு தடவை உறுத்துவதல்ல, இரண்டு லட்சம் தடவை உறுத்துவது. இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் புத்திமதிகள் கிழவன் பேச்சாகத் தோன்றா.

இனி நம் சரீரம் எப்படி இருக்கிறதென்று பார்ப்போம். நம்மில் அநேகருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை. சரம் பின்னுகிறவர்களும், குழாய் உருட்டுகிறவர்களும், தீப்பெட்டிக் கட்டு ஒட்டுகிறவர்களும் காலை மடக்கிப் பாயில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறார்கள். அச்சாபீஸ்காரர்கள் நாள் முழுவதும் நிற்கிறார்கள். ஆனால் நிற்பது வேறு, நடப்பது வேறு. கை உழைப்பில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. ஆனால் ஆடுசதையும், குதிகால் நரம்பும், பாதத்தின் தோலும் அந்த உழைப்பில் பங்குகொள்வதில்லை. "நான் தினம் பத்து மணி நேரம் பாடுபடுகிறவன்" என்று சொல்லும் அண்ணாச்சிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

முன்பு நடந்து பழகியவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. புதிதாக வருகிறவன் பயந்து மெதுவாக ஆரம்பிக்கிறான். பழைய யாத்திரிகனோ தன் இருபது வயதுக் காலை நினைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வயதுக் காலை ஓட்டுகிறான். மேலும், பயிற்சி ஆரம்பித்து நான்கைந்து வாரத்தில் மூச்சு வாங்குவது நின்றுவிடும். பழைய பலம் வந்துவிட்டதென்று தோன்றும். அங்கேதான் மோசம். மூச்சும் இருதயமும் சீக்கிரம் பழகும். தசை அதற்குப் பின். தசைநாணும் எலும்பும் எல்லாவற்றுக்கும் பின்னால், மாதக் கணக்கில்தான் உறுதிப்படும். ஆகவே பலம் வந்தாற்போல் தோன்றும் ஐந்தாம் வாரத்தில் தூரத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்குகிறவன் முழங்காலையோ குதிகாலையோ கெடுத்துக்கொள்கிறான். அசிசி நகர் அர்ச். பிரான்சிஸ்கு தம் சரீரத்தைக் கழுதைச் சகோதரன் என்று அழைத்ததாகச் சொல்வார்கள். இருபது வருஷம் கொட்டிலில் கட்டிப்போட்ட கழுதையின் மேல் ஒரே நாளில் முழுப் பொதி ஏற்றுகிற வண்ணான் எங்கும் கிடையான்.

செப்டம்பர் 8, தேவமாதா பிறந்த திருநாள். ஆகஸ்டு 29-இல் கொடி ஏறுகிறது. திருநாளுக்குப் போய்ச் சேர ஆகஸ்டு கடைசி வாரத்துக்கு முன்பே புறப்பட வேண்டும். ஆதலால் ஜூன் முதல் வாரம் தொடங்கினால் நமக்குப் பன்னிரண்டு வாரம் கிடைக்கிறது. இது போதும், ஆனால் உபரி இல்லை.

முதல் இரண்டு வாரம் தினம் அரை மணி நேரம் நடந்தால் போதும். காலையில் ஆலைக்கு வண்டி வருமுன் நடக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் நடக்கலாம். மூன்றாம் வாரத்திலிருந்து அதை முக்கால் மணி, ஒரு மணி என்று கூட்டலாம். ஞாயிறு மட்டும் நீண்ட நடை. முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 6, 8 என்று போய், பத்தாம் வாரத்தில் 20-ஐத் தொட வேண்டும். ஒரு வாரத்தின் மொத்தத் தூரத்தைவிட அடுத்த வாரம் பத்தில் ஒரு பங்குக்கு அதிகமாகக் கூட்டாதிருப்பது நல்ல அளவு. மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் சற்றுக் குறைக்க வேண்டும். அந்த ஓய்வில்தான் சரீரம் தன்னைச் சரிப்படுத்திக்கொள்கிறது. (ஓய்வு நாளில் இப்படி நடப்பது பாவமா என்று ஒரு பாட்டி கேட்டார்கள். பூசை கண்டுவிட்டு நடந்தால் பாவமில்லை, பாட்டி.)

நடையின் வேகத்துக்குக் கடிகாரம் வேண்டாம். வாய்விட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டு நடவுங்கள். அருள்நிறை மந்திரத்தின் பாதியில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பாட்டும் பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை நிதானமாகச் சொல்ல இருபது நிமிஷம். ஒரு மணி நேரத்தில் மூன்று செபமாலை, நான்கு கிலோமீட்டர். இந்தக் கணக்கு எனக்கு ஒருபோதும் பிழைத்ததில்லை.

எங்கே நடப்பது? சிவகாசியிலிருந்து திருத்தங்கல் போய்த் திரும்புவது ஆரம்பத்துக்கு நல்ல நடை. இரண்டு மணி நேரம் பிடிக்கும். பத்தாம் வாரத்துக்கு மேல், திருத்தங்கல், ஆமத்தூர் வழியாக விருதுநகர் வரை 25 கிலோமீட்டர் ஒரு தடவை நடந்து, பஸ்ஸில் திரும்பலாம். நம் கரிசல் காட்டில் நிழல் கிடையாது. சீமைக் கருவேலம் நிழல் தருகிற மரமல்ல. ஆகவே காலை ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும். கடைசிப் பரீட்சையாக ஆகஸ்டு 15, பரலோக மாதா திருநாளுக்குக் கோவில்பட்டிக்கு அப்பாலுள்ள காமநாயக்கன்பட்டிக்கு இரண்டு நாளில் நடந்து போகலாம் என்பது என் எண்ணம். வீரமாமுனிவர் பணிபுரிந்த தலம் அது. அடுத்தடுத்து இரண்டு நாள் நடக்கும்போதுதான் உண்மை தெரியும். முதல் நாள் எல்லோரும் வீரர்கள். அங்கிருந்து திரும்பிய பின் புறப்படும் நாள் வரை நீண்ட நடை வேண்டாம். அந்த நாட்களில் கூடுதலாக நடந்து பலம் சேர்க்க முடியாது; களைப்பைத்தான் சேர்க்க முடியும்.

காலணியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். புது ஷூ வாங்குகிறவர்கள் ஜூன் மாதத்திலேயே வாங்குங்கள். மாலையில் போய், வீங்கிய காலோடு போட்டுப் பாருங்கள். நீண்ட நடையில் பாதம் வீங்கும், ஆதலால் பெருவிரலுக்கு முன்னே ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும். யாத்திரையில் அணியப் போகும் காலுறையோடு போட்டுப் பார்ப்பது அவசியம். பருத்திக் காலுறை வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். ஈரத் தோல்தான் கொப்புளம் போடும். சீக்கிரம் காயும் நைலான் கலந்த காலுறை இரண்டு ஜோடி இருந்தால் ஒன்றை மாட்டி ஒன்றைத் துவைத்துப் பையின் மேல் காயப்போடலாம். வார் வைத்த செருப்பில் பழகியவர்கள் ஷூவுக்கு மாற வேண்டியதில்லை. பின்வார் உள்ள, அடிப்பாகம் தடித்த செருப்பே போதும். பழகியதே நல்லது. நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தில் வளைத்து வெட்ட வேண்டாம். புறப்படுமுன் குதிகாலிலும் விரலிடுக்கிலும் தொடையிலும் வேஸ்லின் தடவிக்கொள்ளுங்கள், விளக்கெண்ணெயும் ஆகும். பித்தவெடிப்பு உள்ளவர்கள் இப்போதே இரவில் எண்ணெய் போட்டு ஆற்றிக்கொள்ள வேண்டும்.

எங்காவது சூடாக, உறுத்துவதாகத் தோன்றினால், அப்போதே நின்று, ஷூவைக் கழற்றி, பிளாஸ்திரி ஒட்டுங்கள். கூட்டம் போய்விடுமே என்று பார்க்காதீர்கள். ஐந்து நிமிஷம் நிற்காதவன் ஐந்து நாள் படுக்கிறான். கொப்புளம் சிறிதாயின் உடைக்க வேண்டாம். பெரிதாகி விறைத்தால், கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் அப்படியே மூடிக் கட்டுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் இதைத் தாங்களே செய்யக் கூடாது. மருந்தகத்துக்குப் போக வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கண்டிப்பாக ஒரு வார்த்தை. வெறுங்கால் வேண்டவே வேண்டாம். இந்த வியாதி நாள்பட்டால் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். முள் தைத்தாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. காற்றின் சூடு 37 பாகை இருக்கும் நாளில் உச்சி வெயிலில் தார் ரோடு 55 பாகைக்கு மேலே போகும். அந்த அம்மாவுக்கு முதலில் பட்டது கல்லா சூடா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாலைதோறும் பாதத்தின் அடியை மற்றொருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். நடக்க நடக்க இரத்தத்தில் சர்க்கரை இறங்கும். ஆகவே மாத்திரை, ஊசியின் அளவை டாக்டரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருங்கள். நாற்பது வயது தாண்டிய மற்றவர்களும் ஒரு தடவை இரத்த அழுத்தமும் நெஞ்சும் பார்த்துக்கொண்டு வருவது நலம்.

பையைப் பற்றி. சேசுநாதர் தம் அப்போஸ்தலர்களை இருவர் இருவராக அனுப்பியபோது, கோல் ஒன்றைத் தவிர வேறொன்றும் வேண்டாம், பையும் அப்பமும் காசும் வேண்டாம் என்று கட்டளையிட்டார். செருப்பு மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார் என்று அர்ச். மாற்கு எழுதுகிறார். செருப்பு வேண்டும், மூட்டை வேண்டாம். நம்மவர் யாத்திரையில் இது தலைகீழாக நடக்கிறது. சென்ற தடவை ஒருவருடைய பையைப் பிரித்துப் பார்த்தோம்: நான்கு வேட்டி, ஒரு ஜமுக்காளம், முறுக்கு டின், இரும்புப் பூட்டு. பூட்டு எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. தோளில் சுமப்பது உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சாமான் வண்டி கூட வருவதால் நான்கு கிலோவே தாராளம். மாற்றுடை, மெல்லிய போர்வை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் (ஆவணிக் கடைசியில் தஞ்சைப் பக்கம் மாலை மழை உண்டு), டார்ச் லைட், போன், ஆதார் அட்டை, மருந்து, ஒரு லிட்டர் தண்ணீர், இவ்வளவுதான். இடுப்பில் கட்டும் பட்டையுள்ள பையாயின் பாரம் தோளை விட்டு இடுப்பில் இறங்கும். ஐந்தாம் வாரத்திலிருந்து ஞாயிறு நடையில் அதே பையை அதே பாரத்தோடு சுமந்து பழகுங்கள்.

ஆகாரத்தில் நமக்கு ஒரு குறையும் இல்லை. கம்பங்கூழ், நீராகாரம், உப்புப் போட்ட மோர் எல்லாம் நடைக்கென்றே உண்டானவை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கடலையும் வெல்லமும் சேர்ந்த அதைவிட நல்ல வழித்துணைப் பண்டம் எனக்குத் தெரியாது. தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஆனால் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் கெடுதி. வேர்வையில் போகும் உப்பையும் ஈடு செய்ய வேண்டும். ஒருவர் பேச்சுத் தடுமாறி, சம்பந்தமில்லாமல் உளறினால், அது பக்திப் பரவசமல்ல. நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள்.

ரோட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. யாத்திரைக் காலத்தில், இருட்டில் நடந்த பக்தர்கள் மேல் வாகனம் மோதிய செய்தியைப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்துவிட்டோம்! வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவில் நடப்பது நம்மவர் வழக்கம். இந்த வருஷம் நம் பங்கு யாத்திரையில் அது கிடையாது. காலை நான்கரைக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்கு நிற்போம்; மாலை நான்கிலிருந்து ஏழு. ரோட்டின் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். காவி உடை இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. மேலே வெள்ளைத் துண்டு போர்த்தி, முதுகில் ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒட்டுவோம். காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு நடக்கிறவர் யாராயிருந்தாலும் திருப்பி அனுப்பப்படுவார்.

இனி, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்ற கேள்வி. இங்கேதான் உங்களில் பலரோடு எனக்கு வழக்கு. பத்து நாளில் போய்ச் சேர்வதை நம்மவர் பெருமையாகச் சொல்கிறார்கள். அதாவது நாளுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். காந்தியடிகள் 1930 மார்ச் 12-இல் தம் அறுபதாம் வயதில் சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டு, ஏறக்குறைய 385 கிலோமீட்டரை 24 நாளில் நடந்தார். அதே வருஷம் ஏப்ரல் 13-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு, வேளாங்கண்ணிக்குத் தெற்கேயுள்ள வேதாரணியத்துக்கு 28-ஆம் தேதி சேர்ந்தார். சுமார் 240 கிலோமீட்டர். அந்த உப்புப் போரில்தான் நம் விருதுநகர்க் காமராசரும் சிறை சென்றார். இரண்டிலும் கணக்குப் பார்த்தால் நாளுக்கு 16 கிலோமீட்டர்தான் வருகிறது. சர்க்காரை எதிர்த்து நடந்தவர்களே அவ்வளவு நிதானமாக நடந்தார்கள். மாதாவைப் பார்க்கப் போகும் நமக்கு என்ன அவசரம்?

அவசரம் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆவணி மாதம் தீபாவளி வேலை உச்சத்தில் இருக்கும் மாதம். செய்த வேலைக்குக் கூலி; பதினைந்து நாள் போனால் பதினைந்து நாள் கூலி போயிற்று, தீபாவளிப் போனஸிலும் பேச்சு வரும். ஆகவே பத்து நாளுக்குள் முடிக்கப் பார்க்கிறீர்கள். ஆனால் அதற்குச் சரீரம் விலை கொடுக்கிறது. விரல் போன பின் அந்த அம்மா இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை.

ஆதலால் நான் சொல்லும் யோசனை இது. பன்னிரண்டு வாரமும் தவறாமல் நடந்து, காமநாயக்கன்பட்டி நடையையும் நோவில்லாமல் முடித்தவர்கள் நம் கோயில் வாசலிலிருந்தே புறப்படட்டும், நாளுக்கு 20 கிலோமீட்டர் என்ற கணக்கில். மற்றவர்கள் செப்டம்பர் 2-ஆம் தேதி தஞ்சாவூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கடைசி 100 கிலோமீட்டரை ஐந்து நாளில் நடக்கட்டும். "பஸ்ஸில் போனால் யாத்திரை ஆகுமா சாமி?" என்பீர்கள். ஸ்பெயின் தேசத்தில் அர்ச். யாகப்பருடைய கல்லறைக்குப் பிரான்சு எல்லையிலிருந்து நடந்தால் 800 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆயினும் கடைசி 100 கிலோமீட்டரை நடந்தவர்களுக்கே அங்கே யாத்திரைப் பத்திரம் கொடுக்கிறார்கள். 2024-இல் அப்படிப் பெற்றவர்கள் 4 லட்சத்து 99 ஆயிரத்துக்கு மேல். அவர்களையெல்லாம் யாத்திரிகர் அல்லவென்று யாரும் சொல்லவில்லை.

இப்போது நேர்ச்சை. அந்த அம்மாவைப் புண்ணோடு நடக்க வைத்தது இந்தப் பயம்தான். ஆதலால் ஞானோபதேச முறையிலேயே எழுதுகிறேன்.

நேர்ச்சை என்பது என்ன? கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைச் செய்வதாக அறிந்தும் மனதாரவும் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் 1191-ஆம் பிரிவு இவ்வாறே விளக்குகிறது. 'கூடியது' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

வழியில் காலில் புண் வந்து நடக்கக் கூடாமல் போனால்? கூடாததற்குக் கடன் இல்லை. அங்கேயே நிற்கலாம், வண்டியில் ஏறலாம், பாவமில்லை. மாதா பழி வாங்குவார்கள் என்று நினைப்பதுதான் மாதாவுக்கு அவமரியாதை.

புறப்படுமுன்பே கூடாதென்று தெரிந்தால்? நேர்ந்துகொண்டவர் தாமே அதைச் சமமான அல்லது அதிலும் நல்ல வேறொரு செயலாக மாற்றிக்கொள்ளலாம். அதிலும் எளிதானதாக மாற்ற வேண்டுமாயின், அல்லது அடியோடு விலக்கு வேண்டுமாயின், பங்குக்குருவிடம் வந்து கேட்க வேண்டும். தகுந்த காரணத்துக்கு அவர் அதைக் கொடுக்க அதிகாரம் உண்டு. ஒரு பைசா செலவில்லை, வெட்கமும் இல்லை.

வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துவிட்டேன், என்ன செய்வது? இன்று மாலையே வந்து என்னைப் பாருங்கள்.

கஷ்டப்பட்டால்தான் பலன் என்று பெரியோர்கள் சொல்கிறார்களே என்பார் உண்டு. எலியாஸ் தீர்க்கதரிசியின் சரித்திரத்தைப் பாருங்கள். வனாந்தரத்தில் சோர்ந்து படுத்தவரைச் சம்மனசு தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். உண்டு மறுபடியும் படுத்தவரை இரண்டாந்தரமும் எழுப்பி, வழி நெடிது என்று எச்சரித்து, திரும்பவும் உண்ணச் செய்தார். அதன் பிறகே ஒரேபு மலைக்கு நாற்பது நாள் நடை. நடக்குமுன் இரண்டு தடவை சாப்பாடும் இரண்டு தடவை தூக்கமும் கொடுத்தவர் தேவனுடைய தூதர்! அர்ச். இன்னாசியாரும் 1521-இல் பாம்பலோனாக் கோட்டைப் போரில் கால் முறிந்து, மாதக் கணக்கில் படுத்துத் தேறிய பின்பே யாத்திரை புறப்பட்டார். ஆயுள் முழுவதும் சற்று நொண்டியே நடந்தார்.

மோர் விற்ற முடப் பையனுடைய கதை உங்களுக்குத் தெரியும். நடுத்திட்டில் ஆலமரத்தடியில் மாதா தோன்றி, நாகப்பட்டினத்திலுள்ள ஒரு கனவானிடம் செய்தி சொல்லப் போகச் சொன்னபோது, தனக்குக் கால் கிடைத்ததை அறியாமலே அவன் எழுந்து ஓடினான் என்பது மரபு. நடக்கக் கூடாதவனை மாதா நடக்க வைத்தார்கள். நடக்கக் கூடியவனை முடமாக்கியதாக ஒரு கதையும் நான் கேட்டதில்லை. போய்ச் சேர்ந்த அன்றே மணற்பாதையில் முழங்காலில் நடக்க அவசரப்படாதீர்கள். ஓர் இரவு தூங்கி, மறுநாள் காலை செய்யுங்கள்.

முதல் பயிற்சி நடை வரும் ஞாயிறு, ஜூன் முதல் ஞாயிறு, முதல் பூசைக்குப் பின் ஆறரை மணிக்குக் கோயில் வாசலிலிருந்து. 5 கிலோமீட்டர் மட்டுமே. பை வேண்டாம், யாத்திரைக்கு அணியப் போகும் காலணியோடு வர வேண்டும். நானும் வருவேன், கால் உறுத்தினால் நிற்பேன், நீங்களும் நிற்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டர் சீட்டை உபதேசியாரிடம் இம்மாதத்துக்குள் கொடுக்கவும்.

அந்த அம்மா மீதி நேர்ச்சையை முடிக்க இந்த வருஷம் மறுபடியும் நடக்கக் கேட்டார்கள். நான் அதை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு ஞாயிறும், நடந்து திரும்புகிறவர்களுக்குக் கோயில் வேப்பமரத்தடியில் அவர்கள் உப்பு மோர் கொடுப்பார்கள். டம்ளர் அவரவர் கொண்டு வரவும்.